சிகிச்சை என் மகளுக்குப் பலிக்குமா என்று முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பதினான்கு வயது மகளுக்குப் பதற்றக் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வாரம் சிபிடி (எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் பயிற்சியால் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) தொடங்குகிறது, மூளை ஸ்கேனோ மரபணுப் பரிசோதனையோ எடுத்தால் இது அவளுக்குப் பலிக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாமே, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் 'நாலு மாசம் வீணாப் போயிடக் கூடாது' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கேள்வியாகப் படுகிறது. ஸ்கேனைப் பற்றிச் சொல்ல இரண்டு வரி போதும், அந்த நாலு மாதத்தைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

முதலில் அந்த இரண்டு வரி. ஒரு பிள்ளைக்குப் பதற்றச் சிகிச்சை பலிக்குமா என்று தொடங்கும் முன்பே நம்பிக்கையாகச் சொல்லக்கூடிய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை எதுவும் இன்றைக்கு வழக்கமான சிகிச்சையில் இல்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறேன் என்றால் அந்தப் பணத்தை இன்னும் நாலு செஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உளவியலாளர், பதினெட்டு வருடமாகப் பெரும்பாலும் 8 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளோடுதான் வேலை. மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றி இங்கே சொல்வதை ஆய்வுகள் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை.

மொத்தமாகப் பார்த்தால் வாய்ப்பு எவ்வளவு என்பதில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் எந்தக் கணிப்பும் அதற்கு மேல்தான் நிற்க வேண்டும். இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஒரு அமெரிக்க ஆய்வு 2008இல் வந்தது. 7 முதல் 17 வயது வரை 488 பேர், பிரிவுப் பதற்றம் (பெற்றோரைப் பிரிய பயம்), பொதுப் பதற்றம் (எதற்கெடுத்தாலும் ஓயாத கவலை), சமூகப் பதற்றம் இவற்றில் ஏதாவது இருந்தவர்கள். 12 வாரம். சிபிடி மட்டும் எடுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், பதற்றத்துக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 81. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 24 சதவீதம். அந்தக் கடைசி எண்ணை மறந்துவிடாதீர்கள், கிட்டத்தட்ட நாலில் ஒரு பிள்ளை, நாளாவட்டத்தில் தானாகவோ, யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற தெம்பிலோ தேறிவிடுகிறது. அப்படியானால் ஒரு பிள்ளை தேறியதைப் பார்த்து 'சிபிடிதான் குணப்படுத்தியது' என்று யாரும் நூறு சதவீதம் அடித்துச் சொல்ல முடியாது, நானும்தான்.

'தேறியது' என்பதை எப்படி அளக்கிறோம் என்பதும் எண்ணை மாற்றும். நன்றாக முன்னேறியிருக்கிறார்களா என்று கேட்பது ஒன்று, கோளாறு என்று சொல்லும் அளவுக்கு இப்போது எதுவும் இல்லையா என்று கேட்பது வேறு. இரண்டாவது கடினமான அளவுகோல். 87 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு தொகுப்பாய்வில் அந்தக் கடின அளவுகோலைத் தாண்டியவர்கள் சிபிடி எடுத்தவர்களில் 49 சதவீதம், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 18 சதவீதம். ஆக உங்கள் மகளைப் பற்றி வேறு எதுவுமே தெரியாத நிலையில் என் பதில் 'பாதிக்குக் கொஞ்சம் மேலே' என்பதுதான். இதைவிடத் துல்லியமாக, பார்த்த உடனே சொல்கிறேன் என்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்கிறார், அல்லது எதையோ விற்கிறார்.

சரி, வேறு சில விஷயங்கள் தெரிந்தால் அந்த எண் மாறாதா? மாறும், கொஞ்சம். ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன, பத்திரிகைச் செய்திகளில் எப்போதுமே குழம்பியிருக்கும். காலில் அடிபட்டவர் எந்தச் செருப்பைப் போட்டாலும் மெதுவாகத்தான் நடப்பார் என்பது ஒரு தகவல். எந்தச் செருப்பைப் போட்டால் அவருக்கு வலி குறையும் என்பது முற்றிலும் வேறு தகவல். நம்மிடம் இருப்பதில் பெரும்பங்கு முதல் வகை, எந்தச் சிகிச்சையானாலும் இந்தப் பிள்ளைக்குச் சற்றுச் சிரமம் என்ற வகை. உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது, மருந்தா சிபிடியா என்று தேர்வு செய்ய உதவுவது, அதில் நம்பி முடிவெடுக்கும் அளவுக்கு உறுதியானது மிகச் சொற்பம்.

முதல் வகையில் ஓரளவு திரும்பத் திரும்பத் தெரிந்திருப்பவை இவை. ஆரம்பத்திலேயே பதற்றம் கடுமையாக இருந்தால் முடிவிலும் கூடுதலாக மிச்சம் இருக்கும். சமூகப் பதற்றம், அதாவது நாலு பேர் பார்க்கிறார்கள் என்றாலே ஒடுங்கிப்போவது, முக்கியப் பிரச்சினையாக இருந்தால் மற்ற வகைகளைவிட மெதுவாக நகரும். கூடவே மனச்சோர்வு இருந்தால் கொஞ்சம் கடினம். பிள்ளையின் பிரச்சினையால் வீட்டில் பெரியவர்கள் களைத்துப்போயிருந்தால் அதுவும் கணக்கில் வரும். முன்னே சொன்ன 488 பேர் ஆய்வில் கடுமை, சமூகப் பதற்றம், பெற்றோரின் சுமை மூன்றுமே குறைவான பலனோடு சேர்ந்து வந்தன. வயதும் ஆணா பெண்ணா என்பதும் பெரிய வித்தியாசம் செய்வதில்லை என்பதே பெரும்பாலும் தெரிவது, அதனால் 'பதினாலு வயசாயிடுச்சே, லேட்டா?' என்ற உங்கள் பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

கடுமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் இதைக் கேட்டதும் முகம் வாடிவிடுகிறது. ஏணியில் கீழ்ப் படியில் இருந்து ஏறும் பிள்ளையும் நடுப் படியில் இருந்து ஏறும் பிள்ளையும் ஆளுக்கு ஐந்து படி ஏறினால் இரண்டாமவர்தான் மேலே நிற்பார். ஆய்வுத் தாள் முதல் பிள்ளையை 'பலன் குறைவு' என்ற கட்டத்தில் போட்டுவிடும். வீட்டில் இருக்கும் உங்களுக்கோ, அந்த ஐந்து படிதான் பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததற்கும் போகாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். கடுமையாக இருக்கிறது என்பது சிகிச்சையைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

இப்போது மரபணு. இந்தக் கதை எனக்குப் பிடித்தது, ஒருகாலத்தில் நானே இதை நம்பி உற்சாகமாகச் சக ஊழியர்களிடம் பேசியிருக்கிறேன் என்பதால். 2012இல் வந்த ஆய்வு ஒன்றில் சிபிடி எடுத்த 584 பிள்ளைகளின் செரட்டோனின் கடத்தி மரபணுவை, அதாவது மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கையாளும் மரபணுவைப் பார்த்தார்கள். அந்த மரபணுவுக்கு நீளம், குட்டை என்று இரண்டு வடிவம் உண்டு, அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் குட்டை வடிவமே வந்திருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறியதாகத் தெரிந்தது, வித்தியாசம் சுமார் 20 சதவீதம். பெரிய சேதி. நாலு வருடம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் அதையே சோதித்தபோது அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. அதே 2016இல் 980 பிள்ளைகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிப் பார்த்த ஆய்வும் வந்தது, உறுதியான அளவுகோலைத் தாண்டி ஒரு மரபணு மாறுபாடுகூட நிற்கவில்லை. இதில் யாரும் ஏமாற்றவில்லை, அறிவியல் இப்படித்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் முதல் சேதி ஊரெல்லாம் போகிறது, இரண்டாவது சேதி எங்களைப் போன்றவர்களின் மேசையோடு நின்றுவிடுகிறது, பரிசோதனை விற்பவர்கள் இந்த இடைவெளியில்தான் கடை விரிக்கிறார்கள்.

மூளை ஸ்கேனுக்கும் கிட்டத்தட்ட இதே விதி. பயமுறுத்தும் முகங்களைக் காட்டும்போது பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதி எவ்வளவு எகிறுகிறது, தவறு செய்ததும் மூளை அலை எப்படி மாறுகிறது என்றெல்லாம் அளந்து, அதற்கும் சிகிச்சைப் பலனுக்கும் தொடர்பு தேடும் ஆய்வுகள் இருக்கின்றன. சுவாரஸ்யமானவை, மூளை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள உதவுபவை. ஆனால் பல ஆய்வுகளில் ஆட்கள் சில பத்துப் பேர்தான். ஐம்பது பேரிடம் ஆயிரம் அளவுகளை எடுத்து ஒரு கணினி நிரலிடம் கொடுத்தால் அந்த ஐம்பது பேரையும் அது அச்சுப் பிசகாமல் 'கணித்து'விடும். ஐம்பத்தோராவது பிள்ளையிடம்தான் அதன் வண்டவாளம் தெரியும். அதனால் செயற்கை நுண்ணறிவு இத்தனை சதவீதம் சரியாகச் சொன்னது என்று எங்கே படித்தாலும், வேறு இடத்தில், அந்த நிரல் பார்த்தே இராத பிள்ளைகளிடம் சோதித்தார்களா என்று மட்டும் பாருங்கள்.

இயந்திரத்தைக் குறை சொல்லிவிட்டு எங்களை விட்டுவிட்டால் நியாயமில்லை. அனுபவசாலிகள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது எனக்கும் இருந்தது. வேலைக்கு வந்து சில வருடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன், முதல் செஷன் முடிந்ததும் இந்தப் பிள்ளை தேற எவ்வளவு வாய்ப்பு என்று நூற்றுக்கு ஓர் எண் எழுதி மூடிவிடுவேன், சிகிச்சை முடிந்ததும் திறந்து பார்ப்பேன். இரண்டு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 60 என்று எழுதியிருந்தாலும் அதே அளவு சரியாக இருந்திருக்கும். கலகலவென்று பேசிய, நான் 85 போட்ட பையன் ஆறாவது செஷனோடு நின்றுவிட்டான். ஒரு மணி நேரமும் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு 30 போட்டிருந்தேன், அவள் கொடுத்த பயிற்சியை எல்லாம் சத்தமில்லாமல் செய்துமுடித்துத் தேறிப் போனாள். என் கண்ணுக்குப் பட்டது அவர்களின் பேச்சுத் திறமை மட்டும்தான் போல. 2005இல் வந்த ஓர் ஆய்வைப் பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பல்கலைக்கழக ஆலோசனை மையம் ஒன்றில் 550 பேரில் யாருடைய நிலை மோசமாகும் என்று சிகிச்சையாளர்களிடமே கேட்டார்கள், அவர்கள் மூன்று பேரைக் காட்டினார்கள், உண்மையில் மோசமானவர்கள் 40 பேர், காட்டிய மூன்றில் ஒன்றுதான் சரி. வாராவாரம் நிரப்பிய கேள்வித்தாளின் எண்களை மட்டும் பார்த்த ஓர் எளிய கணக்கு அந்த 40 பேரில் பெரும்பாலானவர்களை முன்பே காட்டிக்கொடுத்தது, கூடவே தேவையில்லாமல் பலரையும் எச்சரித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது சிறுவர்களைப் பற்றிய ஆய்வு இல்லை. ஆனாலும் அதைப் படித்த பிறகு என் வேலை முறை மாறியது.

அந்த நாலு மாதக் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. தொடங்கும் முன் தெரிவதைவிடத் தொடங்கிய பிறகு முதல் ஆறு முதல் எட்டு வாரத்தில் தெரிவது அதிகம். அதற்குப் பதற்றக் கேள்வித்தாள் ஒன்று போதும். ஸ்கேர்ட் என்று 41 கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது, ஆர்கேட்ஸ் என்று 47 கேள்விகளோடு மனச்சோர்வையும் சேர்த்துப் பார்க்கும் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள். முதல் செஷனுக்கு முன் ஒரு தடவை நிரப்புங்கள், பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. உங்கள் எண்ணும் அவள் எண்ணும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் வேண்டாம், அது வழக்கமாக நடப்பதுதான். சமூகப் பதற்றம் உள்ள பிள்ளைகள் சிலர் டாக்டர் மனம் நோகக் கூடாதென்று தாளிலும் 'பரவாயில்லை' என்றே குறிப்பார்கள், அதனால் எண்ணோடு கண்ணுக்குத் தெரியும் ஒரு விஷயத்தையும் குறித்து வையுங்கள், வகுப்பில் ஒரு தடவை கை தூக்கினாளா, தோழிக்குத் தானே போன் செய்தாளா என்கிற மாதிரி.

எண் குறையவில்லை என்றால் உடனே 'இவளுக்கு சிபிடி ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது, சிபிடி என்ற பெயரில் உண்மையில் என்ன நடந்தது என்பது. பதற்றத்துக்கான சிபிடியில் பெரும்பாரம் சுமப்பது எக்ஸ்போஷர், பயப்படும் விஷயத்தைச் சின்னதில் இருந்து பெரியதாகப் படிப்படியாகப் போய்ச் சந்திப்பது. அதே 488 பேர் ஆய்வின் தரவுகளைப் பிறகு செஷன் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, எண்ணங்களைச் சோதிக்கும் பயிற்சியும் எக்ஸ்போஷரும் தொடங்கிய பின் முன்னேற்றம் வேகமெடுத்தது, தளர்வுப் பயிற்சியால் அப்படி ஒரு வேகம் வரவில்லை. நடைமுறையிலோ பல இடங்களில் எட்டு செஷன் மூச்சுப் பயிற்சியிலும் பேச்சிலுமே கழிந்துவிடுகிறது. எங்களுக்கும் அது சுகமாக இருக்கிறது, ஒரு குழந்தையை வேண்டுமென்றே பயப்பட வைப்பது யாருக்கும் பிடித்த வேலை இல்லையே. எனவே முதல் சந்திப்பிலேயே மரியாதையாக, 'பயப்படுற விஷயங்களைச் செஞ்சு பார்க்கிறது எத்தனாவது செஷன்ல ஆரம்பிக்கும்?' என்று கேளுங்கள். மூன்று, நாலு, ஐந்து என்றால் சரி. கேள்வியே புரியாத மாதிரிப் பார்த்தால் எனக்குக் கவலை வரும். எந்த ஸ்கேனைவிடவும் இந்த ஒரு பதில் உங்களுக்கு அதிகம் சொல்லும் என்பது என் சொந்த அபிப்பிராயம், ஆய்வு முடிவு இல்லை. இன்னொன்று, எக்ஸ்போஷர் தொடங்கும் வாரங்களில் அழுகையும் அடமும் கூடலாம், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு அந்த வாரத்தோடு நிறுத்தும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்களைப் பற்றி, தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் சின்ன வயதில் இருந்தே இப்படித்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1998இல் ஆஸ்திரேலியாவில் 7 முதல் 14 வயது வரையுள்ள 67 பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. பெற்றோருக்குப் பதற்றம் இல்லாத பிள்ளைகளில் சிபிடி முடிந்ததும் 82 சதவீதம் பேர் கோளாறில் இருந்து வெளியே வந்திருந்தார்கள், பெற்றோருக்கும் பதற்றம் இருந்த வீடுகளில் 39 சதவீதம்தான். ஆனால் அப்படிப்பட்ட பெற்றோருக்கும் தங்கள் பதற்றத்தைக் கையாளச் சில செஷன்கள் கொடுத்த குழுவில் அது 77 ஆனது. சின்ன ஆய்வு, அந்த இடைவெளியும் நாளாக ஆகக் குறைந்தது, அதனால் எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கணிக்கும் காரணி ஒன்றைக் கையை வைத்து மாற்ற முடிந்தது என்பது. 2020இல் 124 பிள்ளைகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு இதைவிடத் துணிச்சலானது, ஒரு குழுவில் சிகிச்சையாளர் பிள்ளையைப் பார்க்கவே இல்லை, பெற்றோரை மட்டும் சந்தித்து, பிள்ளையின் பயத்துக்காக வீட்டில் செய்துகொடுக்கும் விட்டுக்கொடுப்புகளைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், பலன் பிள்ளைக்கு நேரடியாக சிபிடி கொடுத்ததற்குக் குறையாமல் இருந்தது. விட்டுக்கொடுப்பு என்றால் அவளுக்குப் பதிலாக நீங்கள் ஆசிரியரிடம் பேசுவது, 'ஒண்ணும் ஆகாதில்லம்மா?' என்று இருபதாவது தடவை கேட்கும்போதும் பதில் சொல்வது, இப்படி. பாசத்தில் செய்வதுதான். எதை எவ்வளவு குறைப்பது என்பதைச் சிகிச்சையாளரோடு பேசித் தீர்மானியுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள்.

எட்டு வாரம் ஆகி, எக்ஸ்போஷர் உண்மையிலேயே நடந்து, வீட்டிலும் மாற்றம் செய்து, அப்படியும் எண் அசையவில்லை என்றால் அப்போது மருந்தைச் சேர்ப்பது பற்றிக் குழந்தை மனநல டாக்டரிடம் பேசுங்கள். சேர்ந்து எடுத்தால் கிடைத்த 81ஐ மேலே சொன்னேன். ஆரம்பத்திலேயே சேர்க்கலாமா என்பது கடுமையைப் பொறுத்தும் உங்கள் விருப்பத்தைப் பொறுத்தும் இருக்கிறது, அதைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தாலோ, சாப்பாடு தூக்கம் நின்றுபோனாலோ எட்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

ஒரு கசப்பான தகவலையும் மறைக்கக் கூடாது. அந்த 488 பேரில் 319 பேரைப் பிறகு வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 22 சதவீதம் பேர் தேறியது தேறியபடி இருந்தார்கள், 30 சதவீதம் பேருக்குப் பதற்றம் தொடர்ந்தது, மீதி 48 சதவீதம் பேருக்கு வந்து வந்து போனது. முதல் 12 வாரத்தில் நன்றாகத் தேறியவர்களுக்கே நிலைத்து நிற்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் அது மருந்தால் வந்ததா சிபிடியால் வந்ததா என்பது பின்னாளில் வித்தியாசம் செய்யவில்லை. அதனால் 'பலிக்குமா?' என்று கேட்கும்போது எந்தத் தேதியில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பரீட்சைக் காலத்திலோ பள்ளி மாறும்போதோ திரும்பி வந்தால் மூன்று நாலு செஷனுக்கு மறுபடி போவதை நான் வழக்கமான பராமரிப்பாகவே பார்க்கிறேன், முதல் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

உங்கள் மகள் அடுத்த வாரம் எப்படியும் உங்களிடமோ சிகிச்சையாளரிடமோ 'இது எனக்கு சரியாகுமா?' என்று கேட்பாள். என்னிடம் கேட்கும் பிள்ளைகளிடம், பத்தில் ஆறு பேருக்கு நன்றாக உதவுகிறது, நீ அந்த ஆறில் ஒருத்தியா என்று எனக்கு இப்போது தெரியாது, இரண்டு மாதத்தில் சேர்ந்து பார்ப்போம், இல்லையென்றால் அடுத்த வழி என்னிடம் இருக்கிறது என்பேன். பெரும்பாலான பதினாலு வயதுக்காரர்கள் இதற்குத் தலையாட்டுகிறார்கள், 'கண்டிப்பா சரியாயிடும்' என்றால்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். கேள்வித்தாளை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆளுக்கொன்றாக நிரப்பி, மேலே தேதி போட்டு, முதல் செஷனுக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.